இடது முழங்காலில் ரிஸ்வானா

நெடுங்கிணற்றில் ரத்தக் காய்ச்சல் வந்து போன வருஷம், கடைசிச் சாவு விழுந்த பத்தாம் நாள் காலையில், காய்ச்சலில் பிழைத்தவர்கள் எல்லாரும் செத்துப்போனவர்களின் நடையில் எழுந்து நடந்தார்கள்.

முதலில் தெரிந்தது டீக்கடை இசக்கிமுத்துவிடம்தான். பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, வலது முட்டு இப்படிக் குத்துகிறதே என்று நொண்டிக்கொண்டு வெளியே வந்தவன், தபால்காரர் அருணாசலம் நடப்பதுபோலவே ஒரு காலை சைக்கிளில் ஏறப்போகிறவர் மாதிரி எட்டி வைத்து, மறு காலை இழுத்து, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு வாசலிலும் ஒரு நொடி நின்று நின்று போனான். தபால்காரரை எரித்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த அவர் பெண்டாட்டி சிவகாமி நிமிர்ந்து பார்த்தாள். கத்தவில்லை, மயங்கி விழவில்லை. "இவ்வளவு நேரமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு உள்ளே போய் ஒரு தம்ளர் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். இசக்கிமுத்து, தான் டீ விற்கிறவன் என்பதைச் சொல்லாமல், வாங்கிக் குடித்தான்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க விஷயம் விளங்கிவிட்டது. காய்ச்சல் புரட்டாசியில் நுழைந்து கார்த்திகை முடியக் கிளம்பியிருந்தது. கண்ணைச் சிவப்பாக்கி, ஈறில் ரத்தம் கசியவைத்து, வாந்தியைக் கருப்பாக்கி, கையையும் காலையும் யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் வலிக்கவைத்து, நாற்பத்து மூன்று பேரைக் கொண்டுபோனது. போனவர்கள் போய்விட்டார்கள், ஆனால் அவர்கள் பட்ட வலிக்குப் போக்கிடம் இல்லை. அது பத்து நாள் குளத்துக் கரையிலும் மயானத்து வேலியிலும் சுற்றிவிட்டு ஊருக்குள் திரும்பிவந்து, பிழைத்தவர்களின் மூட்டுகளில் ஆளுக்கு ஓரிடம் பார்த்து உட்கார்ந்துவிட்டது. முட்டிலும் கணுக்காலிலும் உட்கார்ந்தது நடையில் தெரிந்தது. தோளிலும் மணிக்கட்டிலும் உட்கார்ந்தது கைவீச்சில் தெரிந்தது.

ஊர் இதற்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. செத்தவர்களின் சொந்தக்காரர்கள் நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டுக்குப் போய், அடுத்தவர் முட்டைத் தடவிக் குடும்பக் கதை சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகையைக் கணுக்காலில் வைத்துக் கும்பிட்டார்கள். கோயில் பூசாரி நெற்றிக்கு ஒரு கை திருநீறும் மூட்டுக்கு ஒரு கை திருநீறும் பூசினார். கணக்கு வாத்தியாரின் தோளுக்கு, அதில் வந்து உட்கார்ந்த லாரி டிரைவர் சங்கிலியாண்டியின் இரண்டு பெண்டாட்டிகளும் அடித்துக்கொண்டபோது, பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக் காலையில் மூத்தவளுக்கும் சாயங்காலம் இளையவளுக்கும் என்று பிரித்துக் கொடுத்தார்கள். ரேஷன் கடையில் ஒருத்தி, மாமனார் என் முழங்கையில்தான் இருக்கிறார், அவர் பேரை ஏன் அடித்தீர்கள் என்று கேட்க, கடைக்காரர் ரொம்ப யோசித்து, வலிக்கு அரிசி கிடையாதம்மா என்றார். தெருக் கூட்டுகிற மாடனின் கணுக்காலில் பெரிய வீட்டு மூத்தவர் வந்து உட்கார்ந்திருந்தார். மாடன் துடைப்பத்தோடு அந்தத் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி, கையைப் பின்னால் கட்டி, அந்த மனுஷர் நடப்பதுபோலவே நடந்துபோனபோது, பெரிய வீட்டில் மட்டும் ஒருவரும் வெளியே வரவில்லை. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள்.

பேச்சித்தாய்க்கு வந்தது இடது முழங்காலில்.

அவளுக்கு நாற்பத்து நாலு வயது. பேரூராட்சியில் தற்காலிக வேலை. கையில் டார்ச்சும் தோளில் மருந்துப் பையுமாக வீடு வீடாகப் போய், தொட்டி, டிரம், ஆட்டுரல் குழி, பூந்தொட்டித் தட்டு என்று தண்ணீர் நிற்கிற இடத்திலெல்லாம் குனிந்து கொசுப்புழு நெளிகிறதா என்று பார்ப்பாள். நெளிந்தால் கவிழ்த்துக் கொட்டுவாள், கவிழ்க்க முடியாததில் மருந்து ஊற்றுவாள், பிறகு கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பாள். நெடுங்கிணற்றில் குழாய்த் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒருதரம் வரும். அந்தத் தண்ணீரைக் கொட்ட வருகிறவளை யாருக்குப் பிடிக்கும்? புழுக்காரி வாரா, கதவைச் சாத்து என்று தெருப் பெண்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வார்கள்.

ஐப்பசியில் அவளுக்கே காய்ச்சல் கண்டு, பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நாள் கிடந்தாள். பாயும் தலையணையும் ரத்தமாக இருந்த அந்த வராந்தாவில் அவளுக்கு நான்கு பாய் தள்ளிக் கிடந்தவள் ரிஸ்வானா. பத்தொன்பது வயது, காலேஜில் இரண்டாம் வருஷம், பள்ளிவாசல் தெரு ஜைத்தூனின் ஒரே மகள். ஆறாம் நாள் அந்தப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். பேச்சித்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லாரும் வேறு நடையில் எழுந்த அந்தக் காலையில் பேச்சித்தாயும் எழுந்தாள். முழங்கால் பந்துபோல வீங்கியிருந்தது. நடந்தபோது இடது பாதம் கொஞ்சம் வெளியே வீசி விழுந்தது. மூன்று எட்டுக்கு ஒருதரம், சாக்கடையைத் தாண்டுகிற பிள்ளைபோல, உடம்பு தானாக ஒரு சின்னக் குதி குதித்தது. ஒவ்வொரு குதிக்கும் உயிர் போனது. இது யார் நடை என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லாமல் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். பள்ளிவாசல் தெருவில் ஜைத்தூன் வாசற்படியில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த தட்டு சரிந்து தூளும் இலையும் தெருவில் கொட்டியதை அவள் பார்க்கவே இல்லை. எழுந்து, பேச்சித்தாயின் பின்னாலேயே, அவள் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, தெருக் கோடிவரை நடந்தாள்.

கோடியில் பேச்சித்தாய் திரும்பி, அந்தத் தெருவில் அக்காவைக் கூப்பிடுகிற முறையில் கேட்டாள். "என்ன லாத்தா?"

"ஒண்ணுமில்லளா," என்றாள் ஜைத்தூன். "நீ நட. நிக்காத. நட."

அன்றிலிருந்து தினமும் மத்தியானத் தொழுகை முடிந்ததும் ஜைத்தூன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிடுவாள். பேச்சித்தாயின் புருஷன் குருசாமி அவளைக் கண்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவான். இப்படி இன்னொருத்தி வீட்டில் போய் உட்காரலாமா என்று ஜமாத்தில் யாரோ கேட்டதற்கு ஆலிம்சா, "ரூஹுங்கிற உசுரு போகவேண்டிய இடத்துக்குப் போயாச்சு. வலி ரூஹு இல்ல, வழிப்போக்கன். வழிப்போக்கனுக்கு எடம் குடுத்தவங்க வீட்டுக்குப் போறதுல என்ன தப்பு?" என்று சொல்லிவிட்டார். ஜைத்தூன் தரையில் உட்கார்ந்து பேச்சித்தாயின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முழங்காலோடு பேசுவாள். பக்கத்து வீட்டுச் சம்சுவுக்கு நிச்சயம் ஆனது, காலேஜிலிருந்து புஸ்தகத்தைத் திருப்பிக் கேட்டுக் காகிதம் வந்தது, பூனை குட்டி போட்டது. நாலரை மணி ஆனால் வலி சுருக்கென்று ஏறும். அது காலேஜ் பஸ் வருகிற நேரம். "வந்துட்டாளா?" என்பாள் ஜைத்தூன். "வந்துட்டா," என்பாள் பேச்சித்தாய், பல்லைக் கடித்துக்கொண்டு.

முழங்காலோடு பேசுகிற பேச்செல்லாம் முடிந்து, கிளம்புகிறபோது, ஜைத்தூன் தினமும் ஒன்றைச் சொல்வாள்.

"நீதான் வந்து பாத்துட்டுப் போனியே பேச்சி. கதவுல உன் கையெழுத்து இருக்கே, புரட்டாசி ஏழு. பெறகு எங்க இருந்துளா வந்துச்சு அந்தக் கொசு?"

பேச்சித்தாய் சேலையை முழங்காலுக்குமேல் இழுத்து மூடிக்கொள்வாள்.

ஏனென்றால் புரட்டாசி ஏழாம் தேதி அவள் அந்த வீட்டு மாடிக்கு ஏறவே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, இன்னும் நாற்பது வீடு பாக்கி இருந்தது. மரஏணியில் கால் வைத்தபோது ஜைத்தூன் பீடித் தட்டிலிருந்து தலை தூக்காமல், "மேல ஒண்ணும் இல்லளா, தொட்டி காஞ்சு கெடக்கு, எழுதிட்டுப் போ," என்றாள். பேச்சித்தாய் எழுதிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு வீடு மிச்சமானதில் அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம்கூட. இப்போது அந்தச் சந்தோஷம், தடவுகிற விரலுக்குக் கீழே, முழங்கால் சில்லுக்கும் எலும்புக்கும் நடுவே, வலியோடு வலியாகக் கிடந்து அரைத்தது.

மாசி மாசம் ஊருக்கு டாக்டர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் முகாம். கண்ணாடி போட்ட ஒரு சின்ன வயது டாக்டரம்மா, வரிசையில் நின்ற முட்டுகளையும் தோள்களையும் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் விளங்கும்படி பொறுமையாகச் சொன்னார்: "கிருமி எப்பவோ போயிருச்சும்மா. அதை விரட்ட உங்க உடம்பு ஒரு படையை அனுப்புச்சுல்ல, அந்தப் படைதான் இன்னும் மூட்டுக்குள்ள நின்னு சண்டை போட்டுக்கிட்டிருக்கு. எதிரி போனது அதுக்குத் தெரியல. ஊசி போட்டா அடங்கிரும்."

சிவகாமி கேட்டாள்: "அடங்குனா அவரு எங்க போவாரு?"

டாக்டரம்மா பேனாவை மூடினார், திறந்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இசக்கிமுத்து ஊசி போட்டுக்கொண்டான். கடையில் பகல் முழுக்க நிற்கவேண்டியவன், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டாம் நாள் காலையில் அவன் காலைச் சமமாக வைத்து விறுவிறுவென்று நடந்தான். சிவகாமி தம்ளரோடு வாசலில் நின்றாள். காப்பியில் ஆடை படிந்தது. அதற்குப் பிறகு இசக்கிமுத்து அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டு, குளத்தைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டான். ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஊசி போட்டவர்களைக் கொலைகாரர்கள் என்று சிலர் ஏசினார்கள்; போடாதவர்களைப் பைத்தியங்கள் என்று சிலர் சிரித்தார்கள். பெரிய வீட்டிலிருந்து ஆள் அனுப்பி, மாடனை முகாமுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பேரூராட்சி சூப்பர்வைசர் பால்துரை பேச்சித்தாயிடம் வந்தார். "இன்னும் ரெண்டு நாள்தான் முகாம் இருக்கு. போய் ஊசியப் போடு. ஏணி ஏற முடியாத ஆள வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? திங்கக்கிழமை உன்னால மாடி ஏற முடியலன்னா வேற ஆளு போட்டுருவேன்."

அன்று மத்தியானம் ஜைத்தூன் வழக்கம்போல வரவில்லை, ஓடி வந்தாள். எண்ணெய்க் கிண்ணம் இல்லை. வந்த வேகத்தில் பேச்சித்தாயின் முழங்காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதளா. உனக்குப் புண்ணியமாப் போகும். உன் வேலைய நான் செய்யுதேன், உன் வீட்டுச் சோத்த நான் பொங்குதேன். ஒரே ஒரு வருசம். அவள இன்னொருக்க என்னால மண்ணுல வைக்க முடியாது."

பேச்சித்தாய்க்கு அந்தக் கைகளைப் பார்க்க முடியவில்லை. பீடி சுற்றிச் சுற்றி நுனி தேய்ந்த விரல்கள். இனி இந்த விரல்கள் தன்னைத் தொடுவதைத் தாங்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. வலி தாங்கலாம், இது முடியாது.

"லாத்தா, நான் ஏறல," என்றாள்.

"என்ன?"

"அன்னைக்கு. புரட்டாசி ஏழு. நான் மாடி ஏறல. பாக்காமலே கையெழுத்துப் போட்டேன்."

ஜைத்தூன் பிடியை விடவில்லை. தலையும் நிமிரவில்லை. வாசலில் கோழி ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஜைத்தூன் முழங்காலைப் பார்த்தே சொன்னாள்:

"தெரியும்."

பேச்சித்தாய் காலை இழுக்கப் பார்த்தாள், ஜைத்தூனின் பிடி இறுகியது.

"தொட்டி நெறயத் தண்ணி கெடந்துச்சு. முந்தின நாள்தான் குழாய் வந்தது. நீ ஏறுனா கவுத்துருவ. கவுத்துட்டா ஒம்பது நாளைக்கு எங்க போவேன்? அதான் காஞ்சு கெடக்குன்னேன். தெனமும் உன்கிட்ட வந்து கேட்டேனே, எங்க இருந்து வந்துச்சு, எங்க இருந்து வந்துச்சுன்னு... உன் வாயில இருந்து வரணும்னுதான் கேட்டேன். 'நான் பாத்தேன் லாத்தா, தொட்டியில ஒண்ணுமே இல்ல'ன்னு நீ சொல்லிருந்தா நம்பிட்டுப் போயிருப்பேன். பொய்யா இருந்தாலும் நம்பிருப்பேன்."

பிறகுதான் நிமிர்ந்தாள். அந்த முகத்தைப் பேச்சித்தாய் அதற்குமுன் பார்த்ததில்லை.

"உன் வேலைதானளா அது! நான் பொய் சொன்னா நீ நம்பலாமா? தள்ளிட்டு ஏறக்கூடாதா? ஏசியிருப்பேன். ஏசுனா என்ன, உசுரா போகும்?"

"தப்புத்தான் லாத்தா."

"ஊசி போடாத," என்றாள் ஜைத்தூன். இப்போது கெஞ்சவில்லை. "அவ இருக்கட்டும். உனக்கு வலிக்கட்டும். நான் வந்து பாக்கேன். நம்ம ரெண்டு பேருக்கும் இதுதான்."

பேச்சித்தாய் முகாமுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை பால்துரை வேறு ஆள் போட்டுக்கொண்டார். குருசாமி இரண்டு நாள் ஏசினான், பிறகு ஏசுவதை நிறுத்திவிட்டுப் பேச்சையே குறைத்துக்கொண்டான். அவள் உட்கார்ந்த இடத்தில் புளி உடைத்துக் கொட்டை எடுத்துக் கொடுக்கிற வேலையைப் பிடித்தாள். காலையில் எழுந்தால் முட்டு கல்லாக இறுகியிருக்கும், சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் மடக்க வேண்டும். குத்தவைக்க முடியாது. நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக் கக்கூசுக்கு வைத்துக்கொண்டாள். மழைக்காற்று அடித்தால் வலி இடுப்புவரை ஏறி நாக்கில் உப்புக் கரித்தது. ஜைத்தூன் சொன்னபடியே தினமும் வந்தாள். எண்ணெய் தடவினாள். முழங்காலோடு சிரித்தாள், முழங்காலோடு கோபித்துக்கொண்டாள், நோன்புக் கஞ்சி கொண்டுவந்து அதற்கென்று ஊதி ஆற்றினாள். பேச்சித்தாயிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் முகத்தைப் பார்ப்பதுகூட இல்லை. நாலரைக்கு வலி ஏறும்போது பேச்சித்தாய் தானாகவே "வந்துட்டா" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அடுத்த வருஷம் பங்குனி தொட்டு ஊசி போடாதவர்களுக்கும் வலி குறைய ஆரம்பித்தது. யாரும் விரட்டாமலே, செத்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வாத்தியாரின் தோள் ஒரு செவ்வாய்க்கிழமை லேசானது. சங்கிலியாண்டியின் இரண்டு பெண்டாட்டிகளும் முதல்முறையாக ஒரே நேரத்தில் வந்து ஆளுக்கொரு பக்கம் நின்று அழுதார்கள். சிலர் இரண்டாவது தடவை மொட்டை அடித்துக்கொண்டார்கள். மாமனார் போய்விடக்கூடாது என்று ஒருத்தி முழங்கையை அம்மிக்கல்லில் இடித்துக்கொண்டாள், எலும்புதான் முறிந்தது. கடைசியில் ஊரில் மிச்சம் இருந்தது பேச்சித்தாயின் முழங்கால் ஒன்றுதான். தெருவில் நொண்டிக்கொண்டு போனால் சின்னப் பிள்ளைகள் அவளுக்கு ஏதோ நோய் என்று ஒதுங்கின. எந்தக் காய்ச்சல், எத்தனை பேர் என்பதெல்லாம் ஊருக்கு மறக்க ஆரம்பித்திருந்தது. குழாய்த் தண்ணீர் இப்போது பதினோரு நாளைக்கு ஒருதரம் வந்தது.

ஆனி மாசத்தில் ஒருநாள் காலை பேச்சித்தாய் கண் விழித்தபோது வலி இல்லை. அசையாமல் படுத்துக் காத்திருந்தாள். பிறகு காலை மடக்கினாள், நீட்டினாள், எழுந்தாள், சுவரைப் பிடிக்காமல் குத்தவைத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையாலும் முழங்காலைப் பிசைந்து பார்த்தாள், குத்திப் பார்த்தாள், விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை. "ஏ பிள்ள," என்று மெல்லக் கூப்பிட்டாள். பத்தொன்பது மாதம் கூடவே இருந்தவளை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "ரிஸ்வானா," என்றாள். குருசாமி வந்து பார்த்தபோது அவள் குத்தவைத்த நிலையிலேயே அழுதுகொண்டிருந்தாள். வலி போன சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவன் பல் விளக்கப் போனான்.

மத்தியானம்வரை காத்திருந்தால் ஜைத்தூன் கிண்ணத்தோடு வந்துவிடுவாள். வந்து, காலை மடியில் வைத்து, வெறும் எலும்பைத் தடவுவாள். அதற்கு விடக்கூடாது என்று பேச்சித்தாய் முகம் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

பள்ளிவாசல் தெரு முனையில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் ஜைத்தூன் வாசற்படியில் தட்டோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பீடி இலையைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிப்போனவள். ஆளை முகத்தில் பார்க்க மாட்டாள், நடையில்தான் பார்ப்பாள். பேச்சித்தாய்க்கு அந்த நடை தெரியும். வலி இல்லாமலே நடக்க முடியும். பாதத்தை வெளியே வீசி, மூன்று எட்டுக்கு ஒரு குதி. பெற்றவளாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குத் தெரியும். சாகிறவரை நடக்கலாம். மத்தியானம் எண்ணெய் தடவும்போது முகத்தைச் சுளிக்கலாம், நாலரைக்கு "வந்துட்டா" என்று சொல்லலாம். யாருக்கு நஷ்டம்?

பாதத்தை வீசினாள். ஒன்று. இரண்டு.

மூன்றாவது எட்டில் நின்றுவிட்டாள். தெருவில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யார் வீட்டிலோ மிக்ஸி ஓடி நின்றது. பேச்சித்தாய் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு இரண்டு காலையும் சமமாக ஊன்றி, காய்ச்சலுக்கு முன்னால் நாற்பத்து நாலு வருஷம் நடந்த தன்னுடைய கனத்த நடையில், தெருவின் நடுவே நடந்து போனாள்.

வாசற்படியில் ஜைத்தூனின் கை இலையின்மேல் நின்றது. கண்ணைச் சுருக்கித் தெருவைப் பார்த்தாள். நெருங்கி வருகிற காலடியைக் கேட்டாள்.

"யாரு வாரது?" என்றாள்.

ஒன்றேகால் வருஷத்துக்குப் பிறகு அவள் பேச்சித்தாயிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நான்தான் லாத்தா, பேச்சி," என்றாள் பேச்சித்தாய். "நான் மட்டுந்தான் வாரேன்."